கிளட்ச் கேபிள் ஏன் சுட்டது

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு வண்டி மக்கர் செய்தால் முதல் பழி கியர்பாக்ஸ் மேல்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம், கரிக்கையூர் என்று ஓடும் வண்டி டாப் கியரில் நிம்மதியாகப் போகும் தூரம் சொற்பம். முதல் கியர், இரண்டாவது, கொஞ்சம் மூன்றாவது, மறுபடி இரண்டாவது. வளைவில் எதிரே பஸ் வந்தால் ஏற்றத்திலேயே நின்று, பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து வைத்து, பிறகு எடுக்க வேண்டும். ரயிலும் எங்களுக்கு வாய்க்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-ல் குன்னூருக்கு ஏறியது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. கோத்தகிரிப் பக்கம் திரும்பவேயில்லை. பச்சைத் தேயிலை, உருளைக்கிழங்கு, ரேஷன் அரிசி, பிரசவ வலி கண்ட பெண் எல்லாமே டயர் மேல்தான் ஏறி இறங்க வேண்டும். அதனால் கியர் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் எங்கள் டீக்கடையில் கிடையாது.

ஆனால் கியர்பாக்ஸ் என்று சொல்லி ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு நோய் கியர்பாக்ஸில் இல்லை. சிலவற்றுக்கு அது கிளட்சில் இருக்கும். இன்னும் சிலவற்றுக்கு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு போல்ட்டின் அடியில் இருக்கும். இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை. எனக்குத் தோட்டத்தைவிட தோட்டத்துக்கு வந்துபோகும் லாரிகள் பிடித்திருந்தன. 1990-களின் தொடக்கத்தில், பத்தாவது முடித்த கையோடு கோத்தகிரியில் ஒரு தகரக் கூரை ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். மேஸ்திரி மேட்டுப்பாளையத்துக்காரர். எதையும் கழற்ற அவசரப்படாத மனிதர். "ஸ்பானரை அப்புறம் எடு. மொதல்ல காதைக் குடு" என்பார்.

காது கொடுக்கக் கற்றுக்கொண்டதை இன்றைக்கும் என் பெரிய சொத்தாக நினைக்கிறேன். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பார்ப்போம். எல்லா கியரும் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரவென்று அரைத்தால் கியர்பாக்ஸைத் தொடக்கூடாது. மிதித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. நியூட்ரலில் நிற்கும்போது ஓர் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்டின் பேரிங். மிதித்த பிறகுதான் சத்தமே வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங். மார்கழிக் காலையில் மட்டும் இரண்டாவது கியர் முரண்டு பிடித்து, கோத்தகிரி போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட்டால் ஒன்று கியர் ஆயில் குளிரில் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் சிங்க்ரோனைசரின் பித்தளை வளையம் தேய ஆரம்பித்திருக்கிறது. இவ்வளவும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் தெரிந்துகொள்ளக் கூடியவை.

நான் சொல்ல வந்த வண்டி ஒரு மாருதி 800. கீழ் கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, சேர்ந்த வாத்தியாருடையது. அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற படுகர். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த அந்தக் கார், சில வருஷங்களுக்குள் மலை மேலும் வந்துவிட்டது. அம்பாசிடர் வாங்க முடியாத வாத்தியார்களாலும் கிளார்க்குகளாலும் இதை வாங்க முடிந்தது. எடை குறைவு, முன்சக்கர இழுவை. ஈரச் சாலையில் சொன்ன பேச்சு கேட்கும்.

வாத்தியாரின் புகார் இதுதான்: காலையில் கிளட்ச் பெடல் இறுகுகிறது, கியர் விழ மறுக்கிறது. சமவெளியில் ஓர் இடத்தில் ஏற்கனவே கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றியிருந்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு கேபிள் இறுகியது. புது கேபிள் போட்டார்கள். அதுவும் இறுகியது. கடைசியில், கியர்பாக்ஸே போய்விட்டது, வேறு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியக்காரருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மேஸ்திரி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"சார், வீட்டு வாசல்ல இறக்கம்தானுங்களே? உருட்டி ஸ்டார்ட் பண்றதுண்டா?"

"பேட்டரி எறங்கிப் போன அன்னிக்குப் பண்ணுவேன் மேஸ்திரி."

"அன்னிக்கு கியர் எப்படி விழுதுங்க?"

வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "இப்ப கேட்டப்புறம்தான் தோணுது. அன்னிக்கு இவ்வளவு தொந்தரவு இல்ல."

மலையில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவது எங்களுக்கெல்லாம் பழக்கம். செல்ஃப் எடுக்காவிட்டால் ஹேண்ட் பிரேக்கை விட்டு, இரண்டாவது கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம்தான் அன்றைக்குத் துப்புக் கொடுத்தது. செல்ஃப் போட்டால் கிளட்ச் இறுகுகிறது, உருட்டினால் இறுகவில்லை. கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் பார்க்காது.

பானெட்டைத் திறந்து, என்னை கிளட்ச் கேபிளின் மேலுறையில் விரல் வைக்கச் சொன்னார் மேஸ்திரி. அவர் போய்ச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சோம்பலாக முனகியது. இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுத் திருப்பினார். விரலுக்கடியில் கேபிள் சூடாவது தெரிந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசனையும் மெல்ல வந்தது. "சுடுது மேஸ்திரி" என்று கையை எடுத்துவிட்டேன். அவர் தடிமனான ஜம்பர் கேபிளைக் கொண்டுவந்து ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் வெறும் அலுமினியத்திலும் கவ்வ வைத்தார். மறுபடி சாவி. தொட்டதும் இன்ஜின் பிடித்தது.

கீழே படுத்துப் பார்த்தபோது விஷயம் அங்கே இருந்தது. பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்கு வரவேண்டிய எர்த் கேபிளின் லக், அதாவது போல்ட்டில் மாட்டும் முனை வளையம், எங்கேயும் இறுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றியிருக்கிறார்கள், ஏற்றும்போது மாட்டவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒன்றை மனதில் வைக்க வேண்டும். காருக்கு எர்த் என்பது மண் அல்ல. கார் ரப்பர் டயரில் நிற்கிறது. அதற்கும் தரைக்கும் மின்சாரத் தொடர்பு கிடையாது. பேட்டரியின் மைனஸ் முனையை வண்டியின் இரும்பு உடம்போடு கட்டிவிடுகிறார்கள். போகிற வழிக்குத்தான் வயர். திரும்புகிற வழி அந்த உடம்பே. வயர் மிச்சம், எடை மிச்சம். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் உடம்பில் நேராக உட்கார்ந்திருப்பதில்லை. அதிர்வு வராமலிருக்க ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனியாக ஒரு எர்த் கேபிள் வேண்டும். செல்ஃப் மோட்டாரோ கியர்பாக்ஸ் ஹவுசிங்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. வண்டியிலேயே அதிக கரண்ட் தின்கிற சாதனம் அது. அதன் திரும்பும் வழியை அறுத்துவிட்டால் கரண்ட் நின்றுவிடாது. கிடைத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு போகும். கியர்பாக்ஸையும் உடம்பையும் இணைக்கும் இரும்பு என்ன இருக்கிறது? கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள். கால் மிதியை இழுக்கச் செய்த மெல்லிய எஃகுக் கம்பி செல்ஃப் மோட்டாரின் பாரத்தைச் சுமந்தது. உள்ளுறை உருகிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கம்பி இழுபடாமல் கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் விடாததால் கியர் அரைத்தது. வாத்தியாருக்குக் கேட்டது இந்தக் கடைசிச் சத்தம் மட்டும்தான்.

மேஸ்திரி இதையெல்லாம் கையால் அறிந்தவர். கணக்காகச் சொன்னது வாத்தியார்தான். பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, என் காதில் மாட்டியிருந்த பென்சிலை வாங்கி எழுதினார். செல்ஃபுக்கு 100 ஆம்பியர் என்று வை. வழியில் 0.02 ஓம் தடை என்று வை. பெருக்கினால் 2 வோல்ட். 12-ல் 2 வழியிலேயே போய்விட்டது. செல்ஃப் முனகாமல் என்ன செய்யும்? அந்த 2 வோல்ட்டை மறுபடி 100-ஆல் பெருக்கினால் 200 வாட். "ரெண்டு நூறு வாட் பல்போட சூடு அந்தக் கம்பிக்குள்ள இருந்திருக்குப்பா" என்றார். எஃகின் மின்தடை தாமிரத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் அன்றைக்கு அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி வாத்தியாராகிவிட்டார். மேஸ்திரியும் பக்கத்தில் நின்று முழுதும் கேட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

லக்கை உப்புத்தாளால் தேய்த்து, ஹவுசிங்கில் உட்காரும் இடத்தையும் பளபளக்கத் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். புது கிளட்ச் கேபிள் ஒன்று. அவ்வளவுதான் செலவு.

வாத்தியார் பிறகு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்து ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்துவிட்டார். அதை வைத்துக் கற்ற ஒரு பாடத்தைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் விடாமல் சொல்கிறேன். எர்த்தை ஓம் வைத்துப் பார்க்காதே. மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகமிகச் சிறியது. பல இழைகள் அறுந்து நாலைந்து இழை மட்டும் மிச்சமிருக்கும் கேபிள்கூட அதற்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வை. ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வை, கிளாம்ப் மேல் வைக்காதே. குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவிலும் கோளாறு இருக்கலாம். மறு முனையை கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் வை. ஒருவர் செல்ஃப் போடட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் கும்பிட்டுவிட்டு வா. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ கெட்டிருக்கிறது. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கேதான் நோய்.

எங்கள் மலையில் இந்த நோய் சீக்கிரம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பனிமூட்டம். உலோகம் காய்வதற்கு நேரமே கிடைக்காது. இதோடு தோட்ட வண்டிகள் சுமக்கும் சரக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் சொட்டும் பச்சைத் தேயிலை மூட்டை ஒரு நாள். யூரியா, அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் மூட்டை மறுநாள். அம்மோனியா உப்பும் பொட்டாஷில் உள்ள குளோரைடும் ஈரத்தோடு கலந்து தாமிரத்தை அரித்துவிடும். வெளியே கறுப்பு உறை புதிதாகத் தெரியும். லக் பக்கம் உரித்தால் உள்ளே இழைகள் பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும். 2009 நவம்பர் நிலச்சரிவில் மலைச் சாலைகள் பல இடங்களில் அறுந்து போனபோது, நடுவழியில் மாட்டிய வண்டிகள் மழையிலேயே நின்றன. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நாங்கள் பார்த்த வேலையில் பெரும்பகுதி எர்த் வேலைதான்.

எர்த் கெட்டால் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. அது விசித்திரங்கள் காட்டும். உர மூட்டை ஏற்றும் ஒரு பிக்கப்பில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு சேர்ந்து கண்ணடித்தது. பின்விளக்குக் கூட்டின் எர்த் போய்விட்டதால் ஒரு பல்பின் கரண்ட் இன்னொரு பல்பின் இழை வழியாகத் திரும்ப வழி தேடியிருக்கிறது. இன்னொரு வண்டியில் ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். டிரைவர் ரேடியேட்டரைக் கழற்றித் தரச் சொல்லி வந்திருந்தார்.

பழைய எஸ்டேட் பங்களாக்களில் நின்ற மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளில் இது தலைகீழாக இருந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1950-களின் பிரிட்டிஷ் கார்களில் பிளஸ் முனைதான் உடம்பில். 1960-களில்தான் மைனஸுக்கு மாறினார்கள். அப்படியொரு வண்டியைச் சீர்செய்யக் கொடுத்தபோது மேஸ்திரி ஸ்டீயரிங்கில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்: "பிளஸ் எர்த். கேட்காமல் பேட்டரி மாட்டாதே." அந்த வண்டி போகும் வரை யாரையும் அதன் வயரில் கை வைக்க விடவில்லை.

எல்லாப் பழியிலிருந்தும் கியர்பாக்ஸை விடுவிக்க நான் வரவில்லை. அது உண்மையாகவே கெடும்போது மலையில் உயிர் ஆபத்து. ஒரு ஜீப் இறக்கத்தில் இரண்டாவது கியரிலிருந்து துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். ஏற்றத்தில் ஒழுங்காக இருக்கும். ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. பற்களின் எதிர்ப்பக்கம் பாரம் விழும்போது, தேய்ந்த பல்லும் தளர்ந்த லாக் ஸ்பிரிங்கும் கியரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகின்றன. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அந்தக் கணத்தில் இன்ஜின் பிரேக் மொத்தமும் போய், பாரமெல்லாம் கால் பிரேக்கில் விழும். அந்த ஜீப்பின் டிரைவர் லீவரை முழங்காலால் அழுத்திப் பிடித்தபடியே பல மாதம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றிருந்தார். மேஸ்திரி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கியர்பாக்ஸைப் பிரித்து முடிக்கும் வரை சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களையும் அவர் கண்டிக்காமல் விடமாட்டார். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்ற மலைப் பாடத்துக்கு நானும் இன்றுவரை விலக்கு கொடுத்ததில்லை.

2014-ல் செலேரியோ வந்ததிலிருந்து ஏஎம்டி கார்கள் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டின. கிளட்ச் பெடலே இல்லை. சாதாரண கியர்பாக்ஸ்தான், ஆனால் கிளட்சை அழுத்துவதும் கியரை மாற்றுவதும் கம்ப்யூட்டர் சொல்லுக்கு ஆடும் சிறு பொறிகள். கோடநாடு காட்சிமுனைக்கு வரும் சுற்றுலாக்காரர்களின் கார்களில் இவை இப்போது நிறைய. ஒரு மாலை அங்கிருந்து அழைப்பு வந்தது. மாயாறு பள்ளத்தாக்கையும் ரங்கசாமி முடியையும் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்த குடும்பம். வண்டி கியருக்கு வர மறுக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, கோயம்புத்தூருக்கு டோ செய்ய வேண்டும் என்று போனில் யாரோ சொல்லியிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் பின் சீட்டில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

மீட்டரை வைத்தேன். பேட்டரி 12.5 வோல்ட், நன்றாகவே இருந்தது. மைனஸ் குமிழுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே வைத்து ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, பின் கண்ணாடிச் சூடு எல்லாம் போடச் சொன்னேன். செல்ஃப்கூட இல்லை, இவ்வளவுக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி மாற்றியவர்கள் மைனஸ் கிளாம்பை முழுதாக இறுக்காமல் விட்டிருந்தார்கள்; குமிழில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. கிளட்ச் பொறி இயங்கும் கணத்தில் வோல்ட் சரிகிறது. கம்ப்யூட்டர் அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக்காக கியர் போட மறுக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சுரண்டி, இறுக்கி, பிழையை அழித்ததும் 'டி' விழுந்தது. "கியர்பாக்ஸ் நல்லாருக்குங்களா?" என்று அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். கோத்தகிரி வரை அவர் வண்டிக்குப் பின்னாலேயே வந்து அனுப்பிவைத்தேன்.

இப்போது எலெக்ட்ரிக் கார்களும் மலை ஏறி வருகின்றன. பல கியர் இல்லை, ஒரே குறைப்பு கியர், கிளட்ச் இல்லை, செல்ஃப் இல்லை. முந்நூறு, நானூறு வோல்ட் பெரிய பேட்டரியின் எந்த முனையையும் உடம்பில் கட்டுவதில்லை. இரண்டையும் உடம்பிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறார்கள், உடம்புக்குக் கசிந்தால் வண்டியே எச்சரிக்கிறது. அதன் ஆரஞ்சு நிற வயரில் பயிற்சி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது; நானும் வைப்பதில்லை. ஆனால் விளக்கு, ஹார்ன், வைப்பர், கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடுவது அதே 12 வோல்ட்டில்தான். அதன் மைனஸ் அதே உடம்பில்தான் கட்டியிருக்கிறது. போன ஐப்பசியில் கீழ் கோத்தகிரிக்காரர் ஒருவர் அப்படியொரு காரைக் கொண்டுவந்தார். மோட்டார் போய்விட்டது என்றார். நான் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சின்ன பேட்டரியின் மைனஸ் குமிழிலிருந்து ஆரம்பித்தேன்.